நர்சிங், மிட்வைஃபரி: இரண்டையும் ஒரே பட்டமாகப் படிப்பதா, ஒன்றை முடித்து மற்றதற்குப் போவதா?

கோடைமழை

எல்லோருக்கும் வணக்கம். பல்கலைக்கழகத்தில் எனக்கு இரண்டு வழி திறந்திருக்கிறது. ஒன்று, நர்சிங்கும் மிட்வைஃபரியும் (கர்ப்பிணிகளையும் பிரசவத்தையும் பார்த்துக்கொள்ளும் படிப்பு) சேர்ந்த நான்கு வருடப் பட்டம். இன்னொன்று, மூன்று வருட நர்சிங் மட்டும். பிறகு வேலை பார்த்துவிட்டு, விருப்பமிருந்தால் மிட்வைஃபரியைத் தனியாகப் படித்துக்கொள்ளலாம்.

என் மனசு முழுக்கப் பிரசவ அறையில்தான் இருக்கிறது. ஆனால் கேட்கிற எல்லோரும் "முதலில் நர்ஸ் ஆகு, மற்றதை அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள். சேர்த்துப் படித்தால் இரண்டும் அரைகுறையாகிவிடும் என்ற பேச்சும் காதில் விழுகிறது. படித்தவர்கள், படித்துக்கொண்டிருப்பவர்கள், சொல்லிக்கொடுப்பவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள். பாடச்சுமை எப்படி? டியூட்டி எப்படி? ஒன்று மற்றதைக் கெடுக்குமா?

இரவுப்பணி

பிரசவ அறைதான் வேண்டும் என்று இப்போதே தெரிந்தால் சேர்த்தே படித்துவிடுங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்று நர்சிங்குக்குப் போன என் தோழிகளில் பலர் திரும்பி வரவே இல்லை. வேலை, கல்யாணம், குழந்தை, கடன் என்று வாழ்க்கை இழுத்துக்கொண்டு போய்விடும். சம்பளம் வாங்கிப் பழகிய பிறகு மறுபடி மாணவியாக உட்காருவது சாமான்யமில்லை.

லேபர்ரூம்அக்கா

தங்கச்சி, பாடச்சுமையைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் வேறொன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் சேருவதற்கு முன்னால் இதை யாரும் சொல்வதில்லை. இந்த இரண்டு படிப்பும் ஒரே மனுஷியை இரண்டு விதமாகப் பார்க்கச் சொல்லும். கஷ்டம் அங்கேதான் இருக்கிறது.

நர்சிங் வகுப்பில் உங்கள் முன்னால் இருப்பவர் நோயாளி. எங்கே கெட்டிருக்கிறது என்று தேடுகிறீர்கள், சரி செய்யப் பார்க்கிறீர்கள். மிட்வைஃபரி வகுப்பில் இருப்பவர் பெரும்பாலும் ஆரோக்கியமான பெண். இயல்பாக நடந்துகொண்டிருப்பதைக் கெடுக்காமல் பக்கத்தில் இருக்க வேண்டும், இயல்பு தவறும் கணத்தை மட்டும் தவறவிடக் கூடாது.

ஒரு உதாரணம். ஹீமோகுளோபின் 11.2 என்று ரிப்போர்ட் வருகிறது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை 12. அதனால் நர்சிங் கண்ணுக்கு அது ரத்தசோகை. அதே 11.2 கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இருக்கும் பெண்ணுக்கு வந்தால் எல்லை 11, அதாவது அது ரத்தசோகை இல்லை. கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி மளமளவென்று கூடும், பாதியளவுகூட ஏறலாம். சிவப்பணு அந்த அளவுக்கு ஏறாது. அதனால் எண் இறங்கியதுபோல் தெரியும்.

இந்தக் கணக்கு அதோடு முடியவில்லை. அதிகப்படியான அந்த ரத்தம் இருப்பதால்தான், கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு வந்தால் பிபி வெகுநேரம் இறங்காமல் நிற்கும். பிபி நன்றாக இருக்கிறதே என்று நின்றுவிடக் கூடாது. பல்ஸ் ஏறுகிறதா, மூச்சு வேகமாகிறதா, முகம் வெளுக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிபி விழும்போது ஏற்கெனவே நிறையப் போயிருக்கும்.

திங்கள்கிழமை ஒரு கண், செவ்வாய்க்கிழமை இன்னொரு கண். முதல் வருடத்தில் தலை சுற்றும். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் கற்றவர்களுக்கு எந்த இடத்தில் எதை மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது பழக்கமாகவே வந்துவிடுகிறது. அதை நான் பல ஜூனியர்களிடம் கண்டிருக்கிறேன், சந்தோஷமாக இருக்கும். சேர்த்துப் படிப்பதற்குத்தான் என் ஓட்டு.

மூன்றாம்வருடம்

நான் இப்போது அந்தச் சேர்ந்த பட்டத்தில்தான் இருக்கிறேன். அக்கா சொன்ன இரண்டு கண் விஷயம் முற்றிலும் உண்மை. ஆனால் என்னைக் கேட்டால் நிஜமான சுமை புத்தகத்தில் இல்லை, போனில் இருக்கிறது.

எங்கள் படிப்பில் சில கர்ப்பிணிகளை மாணவி தொடர்ந்து பின்பற்ற வேண்டும். பரிசோதனைக்கு அவர்கள் வரும்போது கூடவே போவது, பிரசவத்தின்போது உடனிருப்பது, குழந்தை பிறந்த பிறகு சில வாரங்கள் போய்ப் பார்ப்பது. குழந்தை நம் டைம்டேபிளைப் பார்த்துப் பிறக்காது. சர்ஜிக்கல் வார்டில் காலை ஷிப்ட் இருக்கும், விடியற்காலை மூன்று மணிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது என்று போன் வரும். போக வேண்டும். போனால் காலை ஷிப்ட் என்ன ஆகும்? நர்சிங் மணிநேரம் குறையும். அதை எப்போது ஈடுகட்டுவது? மிட்வைஃபரி மட்டும் படிக்கிறவர்களுக்கு இந்த இழுபறி பாதிதான். நமக்கு இரண்டு பக்கமும் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டு படிக்க நினைத்தால், எந்த நேரமும் விட்டுவிட்டுப் போக அனுமதிக்கிற வேலையாகப் பாருங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் ராத்திரியில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதைச் சேருவதற்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

கோடைமழை

அக்கா, இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை, மிக்க நன்றி. மூன்றாம்வருடம், அந்தத் தொடர் பராமரிப்புக்குப் பெண்களை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? மாணவியை நம்பி யார் ஒப்புக்கொள்வார்கள்?

மூன்றாம்வருடம்

ஒப்புக்கொள்கிறார்கள், அதுதான் ஆச்சரியம். முதல் பரிசோதனைக்கு வரும் நாளில் மருத்துவமனை மிட்வைஃப் அறிமுகப்படுத்துவார். நீங்கள் யார், என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது, எப்போது வேண்டுமானாலும் அவர் "வேண்டாம்" என்று சொல்லலாம் என்பதை நேராகச் சொல்லிவிட வேண்டும். பல பெண்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு புது முகம் வந்து வயிற்றைத் தொட்டுவிட்டுப் போகிறது. வருகிற எல்லா முறையும் அதே முகமாக இருப்பது மாணவி ஒருத்திதான். அதனால் நம்மைத்தான் தேடுவார்கள்.

அனுபவத்தில் தெரிந்த சில விஷயங்கள் சொல்கிறேன். தேவையான எண்ணிக்கைக்கு மேல் ஓரிருவரைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். சிலர் ஊர் மாறுவார்கள், சிலர் வேறு மருத்துவமனைக்குப் போவார்கள், சிலருக்கு மனம் மாறும். எல்லோருடைய பிரசவத் தேதியும் பரீட்சை மாதத்தில் வந்து விழாதபடி ஆரம்பத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வார்டு பிளேஸ்மென்ட் (பயிற்சி டியூட்டி) தொடங்கும் முதல் நாளே பொறுப்பாளரிடம் "எனக்கு இந்தத் தேதிவாக்கில் பிரசவ அழைப்பு வரலாம்" என்று சொல்லி, பல்கலைக்கழகத்தின் எழுத்துபூர்வமான அனுமதியைக் காட்டிவிடுங்கள். ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டு நேராக வார்டுக்குப் போய் மருந்து கொடுக்கக் கூடாது. அது வீரம் இல்லை, ஆபத்து.

கேஸ் குறிப்பை அன்றைக்கே எழுதிவிடுங்கள். ஒரு வாரம் தள்ளினால் எந்தப் பெண்ணுக்கு எப்போது நஞ்சுக்கொடி வெளியே வந்தது என்பதே குழம்பிவிடும்.

வார்டுநர்ஸ்

எதிர்ப்பக்கமும் பேசப்பட வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நான் நர்சிங் முடித்து, மெடிக்கல் வார்டிலும் ஐசியுவிலும் வேலை பார்த்துவிட்டு அப்புறம் மிட்வைஃபரிக்குப் போனவள். அந்த வழிதான் சிறந்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

இன்று கர்ப்பிணிகளில் எத்தனை பேருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, இதயக் கோளாறு இருக்கிறது! "ஆரோக்கியமான பெண்" என்று பாடத்தில் எழுதலாம். லேபர் ரூமில் நிஜம் வேறு. கடுமையான பிரீஎக்லாம்ப்சியாவோடு (கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறும் நோய்) ஒரு பெண் வருகிறார், வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஓடுகிறது. பக்கத்தில் நிற்பவர் மணிக்கணக்காக என்ன பார்க்க வேண்டும்? மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, முழங்காலில் தட்டினால் கால் துள்ளுகிறதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வருகிறதா. முழங்கால் அசைவு போய்விட்டால் மருந்து உடம்பில் அளவுக்கு மேல் ஏறிவிட்டது என்று அர்த்தம். உடனே நிறுத்த வேண்டும், அதை முறிக்கும் கால்சியம் குளுக்கோனேட் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட நேரத்தில் கை நடுங்காமல் நிற்க வைப்பது வார்டில் கழித்த வருடங்கள். நான்கு வருடத்தில் இரண்டு தொழிலைத் திணித்தால் அந்த நிதானம் எங்கிருந்து வரும்?

லேபர்ரூம்அக்கா

வார்டுநர்ஸ், நீங்கள் சொல்லும் நிதானத்தை நான் மதிக்கிறேன். ஐசியு பார்த்துவிட்டு வந்த மிட்வைஃப் ஒருத்தி ஷிப்டில் இருந்தால் எனக்கே தெம்பாக இருக்கும். ஆனால் அந்த வழிக்கும் ஒரு விலை உண்டு. வருடக்கணக்கில் வார்டில் இருந்து வருபவர்களுக்கு முதலில் மறக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. பெண்ணைப் படுக்க வைத்துவிடுவார்கள். மானிட்டரைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்க்க மாட்டார்கள். வலி என்றதும் மருந்துத் தட்டை நோக்கிக் கை போகும்.

பிரசவ வலியைக் கையால் படிக்க வேண்டும். கர்ப்பப்பையின் மேற்பகுதியில் விரல்களை வைத்து, அசைக்காமல், பத்து நிமிடம் உட்கார வேண்டும். எத்தனை முறை இறுகுகிறது, எத்தனை விநாடி நிற்கிறது, நடுவில் முழுக்கத் தளர்கிறதா. மூக்கு நுனியைத் தொட்டுப் பாருங்கள், அந்த அளவு அழுந்தினால் லேசான வலி. தாடை மாதிரி இருந்தால் நடுத்தரம். நெற்றி மாதிரி அழுந்தவே அழுந்தாமல் இருந்தால் பலமான வலி. எந்த மெஷினும் இல்லாமல் இவ்வளவும் தெரியும். அந்தப் பத்து நிமிடம் சும்மா உட்காருவது வார்டு வேகத்துக்குப் பழகிய கைக்குப் பெரிய சோதனை. இருபது வயதில் இரண்டையும் சேர்த்துக் கற்பவள் அதற்குச் சீக்கிரம் பழகிவிடுகிறாள்.

வார்டுநர்ஸ்

"மறக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்" என்பதை ஒத்துக்கொள்கிறேன் அக்கா. அதுதான் எனக்கும் மிகக் கடினமாக இருந்தது. ஆனாலும், படித்து முடித்த முதல் வருடம் வழிகாட்ட ஆள் இல்லாத இடத்தில் வேலை கிடைத்தால் சேர்ந்த பட்டக்காரர் திண்டாடிவிடுவார். கோடைமழை, எந்த வழியில் போனாலும் முதல் வேலையைச் சம்பளத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். புதியவர்களோடு சீனியர் ஒருவர் கூடவே நிற்கிற இடமாக எடுங்கள்.

பாடக்குறிப்பு

நான் மிட்வைஃபரி கற்பிப்பவள். விவாதம் நன்றாகப் போகிறது. ஆனால் அடிப்படையான ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். "இரண்டும் சேர்ந்த படிப்பு" என்று ஒரே பெயரில் வழங்குவது நாட்டுக்கு நாடு வெவ்வேறு சரக்கு.

இந்தியாவில் நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங்குக்குள்ளேயே மகப்பேறு பாடம் இருக்கிறது. முடித்தால் நர்ஸ், மிட்வைஃப் என்று இரண்டாகவும் பதிவு கிடைக்கும். மிட்வைஃபரியில் ஆழமாகப் போக விரும்புபவர்களுக்கு அதற்கு மேல் 18 மாதப் பயிற்சி ஒன்றும் இப்போது இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நான்கு வருட இரட்டைப் பட்டம் என்றால் நிஜமாகவே இரண்டு தனித் தொழில்களின் தகுதியையும் முழுமையாக எட்ட வேண்டும். நர்சிங்குக்குக் குறைந்தது 800 மணிநேரப் பயிற்சி. மிட்வைஃபரிக்கு 10 பெண்களைத் தொடர்ந்து பின்பற்றுவது, பிரசவத்துக்கு முந்தைய சந்திப்பு 100, பிந்தைய சந்திப்பு 100, முதன்மைப் பொறுப்பில் 30 பிரசவம். பிரிட்டனில் மிட்வைஃபரிக்கு நேரடியாகச் சேரும் மூன்று வருடப் பட்டம்தான் பெருவழி, நர்சாக இருப்பவர்களுக்குக் குறுகிய வழியும் உண்டு. ஐரோப்பிய ஒன்றிய விதி 40 பிரசவங்களைக் கேட்கிறது. போதிய பிரசவம் கிடைக்காத இடத்தில் அதை 30 ஆகக் குறைக்கலாம், ஆனால் கூடுதலாக 20 பிரசவங்களில் உதவியிருக்க வேண்டும். இலங்கையில் மருத்துவிச்சிப் பயிற்சி நர்சிங்கிலிருந்து தனித் தடம்.

உலக அளவில் மிட்வைஃப்களின் சர்வதேசக் கூட்டமைப்பு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு இது: நேரடியாகச் சேர்ந்தால் மூன்று வருடம், நர்சிங் முடித்து வந்தால் 18 மாதம். இதை வைத்துக்கொண்டு உங்கள் பாடத்திட்டத்தைப் பாருங்கள். நான்கு வருடத்தில் மிட்வைஃபரிக்கு நிஜமாக எவ்வளவு காலம் ஒதுக்கியிருக்கிறார்கள்? ஒரு செமஸ்டர் பாடமும் சில வார லேபர் ரூம் டியூட்டியும் மட்டும் என்றால், "அரைகுறை" என்ற பேச்சில் நியாயம் இருக்கிறது. பெயரைப் பார்க்காதீர்கள், எண்ணிக்கையைக் கேளுங்கள். எத்தனை பிரசவம் நானே என் கையால் பார்ப்பேன்? பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்ததையும் கணக்கில் சேர்க்கிறார்களா?

இன்னொன்று, பாடப்புத்தகம் எந்த ஆண்டுப் பதிப்பு என்று பாருங்கள். கர்ப்பப்பை வாய் 4 செ.மீ. திறந்ததும் பிரசவத்தின் தீவிரக் கட்டம், அதிலிருந்து மணிக்கு 1 செ.மீ. திறக்க வேண்டும் என்று பழைய பாடம் சொல்லும். உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே தீவிரக் கட்டத்தின் தொடக்கத்தை 5 செ.மீ.க்குத் தள்ளிவிட்டது. மணிக்கு 1 செ.மீ. என்பதை எல்லோருக்கும் அளவுகோலாக வைக்க வேண்டாம் என்றும் சொன்னது. 2020-ல் பிரசவ முன்னேற்றத்தைக் குறிக்கும் பழைய வரைபடமான பார்ட்டோகிராஃபுக்குப் பதிலாகப் புதிய பிரசவப் பராமரிப்புப் படிவமும் வந்துவிட்டது. மெதுவாகத் திறக்கும் பெண்ணை "ஏதோ கோளாறு" என்று அவசரப்படுத்துவது இந்தப் பழைய பாடத்தால்தான்.

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1840-களில் வியன்னாப் பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள், இன்னொன்றில் மிட்வைஃப் மாணவிகள். மாணவர்களின் பிரிவில் பிரசவக் காய்ச்சலால் தாய்மார்கள் கூடுதலாக இறந்தார்கள். பிணக்கூறாய்விலிருந்து நேராக வந்த கைகள்தான் காரணம் என்று அங்கே வேலை பார்த்த மருத்துவர் செம்மல்வைஸ் கண்டுபிடித்து, 1847-ல் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். சாவு சரசரவென்று குறைந்தது. கை கழுவுதல் நர்சிங் முதல் வருடப் பாடம் என்று நினைக்கிறோம். அது பிரசவ அறையில் இறந்த தாய்மார்களிடமிருந்து வந்த பாடம். இரண்டு துறையும் எங்கே ஒட்டியிருக்கிறது என்று மாணவிகள் கேட்டால் நான் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

புதியவன்

நடுவில் ஒரு கேள்வி. நான் ஆண். இந்தச் சேர்ந்த பட்டத்தில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. நர்சிங்கில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, மிட்வைஃபரி என்றதும் முகம் மாறுகிறது. சேரலாமா?

லேபர்ரூம்அக்கா

சேருங்கள் தம்பி. ஒவ்வொரு முறையும் அந்தப் பெண்ணின் சம்மதத்தைக் கேளுங்கள். "வேண்டாம்" என்றால் முகம் வாடாமல் வெளியே வந்துவிடுங்கள். அது உங்களுக்கு மட்டும் உள்ள விதி இல்லை, பெண் மாணவிகளுக்கும் அதே விதிதான். ஆனால் எண்ணிக்கை சேர உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் காலம் ஆகலாம். அதை முதல் வருடத்திலேயே பல்கலைக்கழகத்தில் பேசி, எந்த மருத்துவமனையில் யார் உதவுவார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரவுப்பணி

ஒன்றை யாரும் தொடவில்லை. எல்லாப் பிரசவமும் சந்தோஷத்தில் முடியாது. வார்டில் மரணத்தைப் பார்ப்போம் என்று தெரிந்துதான் போகிறோம், மனசு ஓரளவு தயாராக இருக்கும். லேபர் ரூமுக்கு அந்தத் தயாரிப்போடு யாரும் போவதில்லை. இதயத்துடிப்பு கேட்காத அறையில் முதன்முறையாக நிற்கும்போது என்ன சொல்வது என்றே தெரியாது.

நர்சிங் பக்கத்தில் கற்ற ஒன்று அங்கே எனக்குக் கைகொடுத்தது. மரணத்துக்குப் பிறகான பராமரிப்பும் பராமரிப்புதான். குழந்தையைக் குளிப்பாட்டுவது, துணியில் சுற்றுவது, பெற்றோர் பார்க்க விரும்பினால் கையில் கொடுப்பது, விரும்பாவிட்டால் வற்புறுத்தாமல் இருப்பது, பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்வது. அந்தத் தாய்க்குப் பிறகு பால் சுரக்கும் என்பதை முன்கூட்டியே மென்மையாகச் சொல்ல வேண்டும். யாரும் சொல்லாமல் வீட்டுக்குப் போய், அது நடக்கும்போது அவர் தனியாக உடைந்துபோவார்.

உங்கள் பல்கலைக்கழகத்தில் இதற்குப் பாடம் இருக்கிறதா, மாணவிக்குப் பிறகு பேச ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். கட்டாயம் கேளுங்கள்.

மூன்றாம்வருடம்

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். நன்றி அக்கா. பால் சுரப்பு பற்றி எங்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

கோடைமழை

எல்லோருடைய பதிவையும் திரும்பத் திரும்பப் படித்தேன். பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். நானே பார்க்க வேண்டிய பிரசவங்கள் எத்தனை, வார்டு டியூட்டியும் பிரசவ அழைப்பும் மோதினால் விதி என்ன, துயரமான பிரசவத்துக்குப் பிறகு மாணவிக்கு ஆதரவு என்ன என்று கேட்டிருக்கிறேன். பதில் திருப்தியாக இருந்தால் நான்கு வருடப் பட்டத்தில்தான் சேரப் போகிறேன்.

கடைசியாக ஒரு சந்தேகம். முடித்த பிறகு பிரசவ அறையில் மட்டும் வேலை பார்த்தால் நர்சிங் பதிவு என்ன ஆகும்?

பாடக்குறிப்பு

நல்ல கேள்வி. பலர் இதைப் பட்டம் வாங்கிய பிறகுதான் யோசிக்கிறார்கள். இரண்டு பதிவு இருந்தால் இரண்டையும் உயிரோடு வைத்திருப்பது உங்கள் பொறுப்பு. பிரிட்டனில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது ஒரு பதிவுக்கு 450 மணிநேர வேலை காட்ட வேண்டும். நர்ஸ், மிட்வைஃப் இரண்டும் என்றால் 900. ஆஸ்திரேலியாவிலும் இரண்டு தொழிலுக்கும் தனித்தனியாகச் சமீபத்திய அனுபவம் காட்ட வேண்டும், ஐந்து வருடத்தில் 450 மணிநேரம்.

வார்டுநர்ஸ்

அதற்கு நான் பின்பற்றும் வழி: முழுநேர வேலை பிரசவப் பிரிவில், மாதத்தில் சில ஷிப்ட் வார்டில். ஊசி போடுவதும் காயத்துக்குக் கட்டுப்போடுவதும் மறக்காது. மறப்பது மற்றது. மாரடைப்பு, பக்கவாதம், வயதானவர்களின் மருந்துப் பட்டியல் இவையெல்லாம் இரண்டு வருடத்தில் மங்கிவிடும். முதல் வருடம் மட்டும் இரண்டு இடத்திலும் ஓடாதீர்கள் தங்கச்சி, ஒரே இடத்தில் காலூன்றுங்கள். வார்டு ஷிப்டை இரண்டாம் வருடத்திலிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இப்படி இரண்டு பக்கமும் அனுமதிக்கிற மருத்துவமனையா என்பதை வேலைக்கான நேர்முகத்திலேயே கேட்டுவிடுங்கள்.

கோடைமழை

சரி அக்கா, அப்படியே செய்கிறேன். பல்கலைக்கழகத்தின் பதில் வந்ததும் இங்கே போடுகிறேன். புதியவன், நீங்களும் சேருவதாக இருந்தால் அதே கேள்விகளை உங்கள் பல்கலைக்கழகத்திலும் கேட்டுப் பாருங்கள், இருவரும் பதில்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.